எந்தக் காப்பகம்

இதை முதன்முதலில் என்னிடம் சொன்னவர் மரியபுஷ்பம் அம்மையார்தான், தம்பி. எங்கள் ஊர்ப் பெண் குழந்தைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளர். அவர் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஏனென்றால் கணக்கில் பிழை இல்லை. இருப்பாய்வில் பற்றும் வரவும் இம்மியளவும் பிசகாமல் ஒத்துப்போயின. நானே சரிபார்த்து, நானே கையொப்பமிட்டேன்.

சற்று இருங்கள். அங்கே என்ன எண் ஓடுகிறது? எழுபத்தொன்றா? அரை மணி நேரமாக அதே எழுபத்தொன்றுதான். என்னுடையது எழுபத்தெட்டு. உங்களுடையது? எண்பது. அப்படியென்றால் நீங்களும் என்னோடு காத்திருக்க வேண்டியவர்தான்.

"சர்வர் போயிருச்சு டீச்சர், இப்ப வந்துரும்" என்று அந்தக் கடைநிலை ஊழியர் சொல்லிவிட்டுப் போகிறார். சர்வர் அன்று, வழங்கி. எத்தனை முறை சொன்னாலும் இந்த வங்கியில் ஒருவருக்கும் ஏறுவதில்லை. சர்வர் என்றால் உணவு விடுதியில் இலை போடுகிறவர்.

மூன்றரைக்குக் காசாளர் பெட்டியை மூடிவிடுவார். இந்தப் பணம் அதற்குள் பிரமாச்சி என்கிற ஒரு பெண்ணின் கணக்கில் ஏறியாக வேண்டும். வெள்ளிக்கிழமை அவள் மகளுக்குத் திருமணம். சீர்ப் பாத்திரங்களை ஒரு கடையில் முன்பணம் கொடுத்து எடுத்து வைத்திருக்கிறாள். மீதியை இன்று மாலைக்குள் கட்டாவிட்டால், கட்டி வைத்த மூட்டையைப் பிரித்து மறுபடி விற்பனைக்கு வைத்துவிடுவேன் என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். முகூர்த்த மாதம். அவரையும் குறை சொல்ல முடியாது.

பிரமாச்சி யார் என்று கேட்கிறீர்களா? வரிசையாகச் சொல்கிறேன். எதையும் வரிசையாகச் சொல்வதுதான் என் வழக்கம்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தம்பி குற்றாலிங்கம் தென்காசியில் பாத்திரக் கடை வைத்திருந்தான். மங்கலம் பாத்திர மாளிகை. அவன் மறைந்தபின் அவன் மனைவி வடிவு கடையை நடத்துகிறாள். நல்ல பெண்தான். வாடிக்கையாளர் வாயிற்படியில் கால் வைக்கும்போதே எந்த அண்டாவை எடுத்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கணக்கு என்றால் காத தூரம் ஓடுவாள். "மதினி, நீங்க சும்மாதான இருக்கீங்க, கொஞ்சம் கணக்கைப் பாத்துக்கிடுங்க" என்றாள். சும்மா இருக்கிறேன் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன். மேனிலை வகுப்பில் ஓராண்டு கணக்குப்பதிவியல் ஆசிரியர் இல்லாதபோது நான்தான் அந்தப் பாடத்தையும் நடத்தினேன். அத்தனை மாணவிகளும் தேறினார்கள்.

போய்ப் பார்த்தால் கணினியில் ஒரே ஆங்கில மயம். அதிலும் பாதி ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். ஒரு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். கடனீந்தோர், கடனாளிகள், ஐயக் கணக்கு, தேய்மானம். எல்லாம் எங்கள் பாடநூலில் இருந்த சொற்கள். 'காப்பகம்' என்ற ஒரு கணக்கு மட்டும் முன்பே தமிழ்ச் சொல்லாக இருந்தது. அது என் தம்பி தொடங்கியது. மாதந்தோறும் ஆயிரம் ரூபாயைக் குழந்தைகள் காப்பகத்துக்கென்று அந்தக் கணக்கில் வரவு வைப்பான். சூன் மாதம் பள்ளி திறக்கும்போது சேர்ந்ததைக் காசோலையாகக் கொடுப்பான். அவன் கொடுப்பது யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவன்.

எழுபத்திரண்டு. பாருங்கள், நகர்ந்துவிட்டது. இல்லையா? யாரோ எண் தவறாக அழுத்திவிட்டார்களாம். சரி.

கடையில் சீர்வரிசைச் சீட்டு என்று ஒரு திட்டம் உண்டு. பெண் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்கள் மாதம் ஐந்நூறு கட்டி வருவார்கள். திருமணம் கூடும்போது கட்டிய தொகைக்குப் பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். எல்லாரும் முடிவுவரை கட்டுவதில்லை. ஒருத்திக்குக் கணவன் நோயில் விழுவான், ஒருத்தி வேறு ஊர் போய்விடுவாள். கட்டியது கட்டியபடி அவர்கள் பெயரிலேயே கிடக்கும். என்றைக்கு வந்தாலும் அதற்குப் பாத்திரம் கொடுக்க வேண்டும். அது என் தம்பி வகுத்த முறை.

சென்ற மார்ச்சில் கணினி நத்தையாக நகரத் தொடங்கியது. மென்பொருள் போட்டுத் தந்த மன்சூர் என்பவரை வரவழைத்தோம். பணிவான மனிதர், மொழிதான் போதாது. "டீச்சர், ஏழெட்டு வருசக் கணக்கு ஒரே ஃபைல்ல கெடக்கு, அதான் இழுக்குது. பழைய வருசத்தைத் தனியாப் பிரிச்சு வச்சிருவோம். தேவைன்னா தொறந்து பாக்கலாம், அதுல மாத்த முடியாது. புது ஃபைலுக்கு மார்ச் முடிவுல நிக்குற பாக்கி மட்டும் வரும். அதுக்கு முன்னால, சும்மா கெடக்குற பேரையெல்லாம் ஆர்க்கைவ்னு ஒரு குரூப் போட்டு அதுக்குள்ள தள்ளிருங்க. பாக்கி அவங்கவங்க பேர்லயே இருக்கும், கண்ணுல மட்டும் படாது" என்றார்.

புரிந்துகொண்டேன். இதில் புரியாமலிருக்க என்ன இருக்கிறது? தேர்வு முடிந்த விடைத்தாள்களைக் கட்டி, அரக்கு வைத்துத் தனி அறையில் அடுக்குவோம் அல்லவா, அதுதான். ஆனால் 'ஆர்க்கைவ்' என்ற சொல் என் நாக்கில் வராது. நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது ஏன் வர வேண்டும்? கடையின் கணக்காளர் ஜெபக்கனியை அழைத்து, "மூன்றாண்டாக அசைவில்லாத சீட்டுக் கணக்குகளை எல்லாம் காப்பகத்துக்கு மாற்றிவிடு" என்றேன்.

என்ன கேட்டீர்கள்? எந்தக் காப்பகமா?

பார்த்தீர்களா. நீங்கள் கேட்டுவிட்டீர்கள். வழியோடு போகிறவர், பாத்திரக் கடைக்கும் உங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறது. வணிகவியல் பட்டம் பெற்ற பெண்ணுக்குத் தோன்றவில்லை. இதைத்தான் நான் மூன்று மாதமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் அவள் என் மாணவி. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். சொல்லெழுதும்போது ஒருமுறை எழுந்து, "எந்த ற டீச்சர்?" என்று கேட்டாள். நாள் முழுவதும் நிற்க வைத்தேன். அதன்பின் ரகர றகரத்தில் ஒரு பிழை விட்டதில்லை அவள். மறுகேள்வி கேட்கும் வழக்கமும் அன்றோடு அவளை விட்டுப் போயிற்று. என் வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும். அதற்குப் பெயர் பெற்ற வகுப்பு.

அன்றும் "எல்லாத்தையுமா டீச்சர்?" என்றுதான் கேட்டாள்.

"எல்லாவற்றையும்" என்றேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? மன்சூர் சொன்னது போலப் பெயர்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கவில்லை. ஒவ்வொரு பெண்ணின் கணக்கிலும் கிடந்த தொகையை எடுத்து, என் தம்பி தொடங்கிய அந்தக் 'காப்பகம்' கணக்கில் வரவு வைத்துவிட்டாள். குறிப்பேட்டுப் பதிவு. முறைப்படி, விளக்கத்தோடு, பிழையில்லாமல். அதைத்தான் நான் மாற்றச் சொன்னதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு மன்சூர் பழைய ஆண்டுகளைப் பிரித்தார். புதிய ஏட்டில் அந்தப் பெண்களின் பெயர்கள் இல்லை. பாக்கி சுழியானால் பெயர் வராதாம். காப்பகத்தின் பெயருக்கு நேரே மட்டும் இரண்டு இலட்சத்துப் பதினோராயிரம் நின்றது.

அந்த இருப்பாய்வைத்தான் நான் சரிபார்த்தேன். சிவப்பு மையால், வரி வரியாக. பதினான்கு பிழைகள். 'பாத்திரக் கடை'யில் ஒற்று இல்லை. 'நிலுவை'க்கு இரண்டு சுழி ன போட்டிருந்தாள், கடையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அனைத்தையும் திருத்தினேன். தொகைகளையும் கூட்டிப் பார்த்தேன், இரு பக்கமும் சமம். வேறென்ன பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வடிவுதான் சற்று இழுத்தாள். "இவ்வளவா நிக்குது, மதினி? வருசத்துக்குப் பன்னண்டாயிரந்தான அவுக குடுப்பாக."

"கணக்கு நிற்கிறது என்றால் நிற்கிறது. வெளியே சொல்லாமல் ஒதுக்கி வைத்திருப்பான். உன் கணவனை உனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வைப்பு நிதி ஒன்றை உடைத்துக் காசோலை எழுதினாள். கணக்கு விவரத்தையும் இணைத்து அனுப்பும்படி நான்தான் ஜெபக்கனியிடம் சொன்னேன். பணம் கொடுத்தால் அதன் விவரம் உடன் போக வேண்டும். அது முறை.

தம்பி, அந்த ஊழியரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். ஐயா, வழங்கி வந்ததா? "கும்பிட்டுக்கிட்டு இருக்கோம் டீச்சர்" என்கிறார். வழங்கியை வணங்கி ஆக்கிக் கேலி. உட்காருங்கள், நான்தான் எழுந்து எழுந்து உட்காருகிறேன், உங்களுக்கென்ன.

ஆனி மாதம், வடிவு கொள்முதலுக்குத் திருநெல்வேலி போயிருந்தாள். கல்லாவில் நான். இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பீடி சுற்றுகிறவள் என்று விரலைப் பார்த்தாலே தெரிந்தது. மற்றவர் சற்று வசதியானவர், கையில் பை, தலையில் பூ. கடையில் நல்ல கூட்டம்.

"டீச்சரம்மா, சீர்ச்சீட்டு எடுக்க வந்திருக்கேன். பிரமாச்சின்னு பாருங்க. முப்பத்தேழு மாசம் கட்டிருக்கேன். அவுக மேலுக்குச் சொகமில்லாமப் படுத்ததுல நின்னு போச்சு. இப்ப மகளுக்குக் கூடிருக்கு."

ஜெபக்கனியைப் பார்க்கச் சொன்னேன். தட்டிப் பார்த்தாள். "டீச்சர், இவங்க பேரு வந்து..." என்று தொடங்கினாள்.

"இருக்கிறதா, இல்லையா?"

"இப்ப இல்ல டீச்சர்."

"இல்லை என்றால் இல்லை. 'இப்ப' எதற்கு?" என்றேன். தேவையில்லாத சொல்லைச் சேர்ப்பது அவளுக்குச் சிறு வயது முதலே உள்ள குறை.

பிரமாச்சி மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். பெயர் தெரிகிறது. மாதக் கட்டங்கள் முழுவதும் ஒரே நீலக்கறை. பீடி இலையை நனைத்துச் சுற்றி வைக்கிற சாக்கின்மேல் வைத்துவிட்டாளாம். ஈரம் ஏறி மை ஓடிவிட்டது.

"இது அட்டையா, சாயத்துணியா?" என்று கேட்டேன். அருகில் நின்ற இருவர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "கணக்கில் உன் பெயர் இல்லையம்மா. வேறு கடையாக இருக்கும். நினைவுபடுத்திப் பார்."

"கடை தெரியாமப் போவுமா? மொத அட்டையே மொதலாளி கையாலதான் வாங்கினேன். அவுக இருந்தா நான் இப்படி நிக்க வேண்டியதில்ல."

"அவன் இல்லை. நான் இருக்கிறேன். பெயர் இல்லை."

அப்போது உடன் வந்தவர் அவள் தோளைத் தொட்டு, "வாங்க மதினி, வீட்டுல நல்லாத் தேடிப் பாத்துட்டு வருவோம்" என்றார். மாப்பிள்ளையின் தாயார் என்று பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குரலுக்கு என்ன பொருள் என்று எனக்குப் புரிந்தது. பிரமாச்சிக்கும் புரிந்தது. படியிறங்கும்போது திரும்பி, "நான் பொய் சொல்லலம்மா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவரைப் பார்த்துச் சொன்னாள்.

பொய் என்று நான் எப்போது சொன்னேன்? 'இல்லை' என்றேன். 'இல்லை' வேறு, 'பொய்' வேறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் பேசினால் நான் என்ன செய்வது?

ஒரு மாதம் கழித்து மரியபுஷ்பம் அம்மையார் கடைக்கு வந்தார். நாங்கள் கொடுத்த பணத்தில் பிள்ளைகளுக்குக் குளியலறைகள் கட்டி முடித்துவிட்டார்களாம். "தொறப்பு விழாவுக்கு நீங்கதான் வரணும் டீச்சர். அதுக்கு முன்னால வந்து கல்வெட்டுல எழுத்துப் பிழை இருந்தாப் பாத்துச் சொல்லிருங்க" என்றார். என்னைத் தேடி வந்து கேட்டார், பாருங்கள். ஊரில் வேறு எத்தனையோ தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள்.

போனேன். வெள்ளைச் சுவரில் கறுப்புக் கல். முதல் வரியிலேயே 'நன்கொடையளர்கள்'. ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது. சுண்ணக்கட்டி கேட்டு வாங்கி அந்தக் காலை நானே இட்டேன். கீழே வரிசையாகப் பெயர்கள். எல்லாம் பெண்கள். நடுவில் ஓரிடத்தில், 'பிரமாச்சி, ரூ. 18,500'.

"இவங்க யாரு டீச்சர்?" என்று அம்மையார் என் பின்னால் நின்று கேட்டார். "செக்கோட உங்க கடையில இருந்து கணக்கு வந்துச்சுல்லா, அதுல இருந்த பேரையெல்லாம் அப்படியே போட்டுட்டோம். மாசம் ஐநூறு ஐநூறாச் சேத்துக் குடுத்திருக்காங்க, பாவம். பெரிய எடத்துக்காரங்க மாதிரியும் தெரியல. இந்தப் பிரமாச்சியம்மாவை மட்டுமாவது கூட்டிட்டு வர முடியுமா? பிள்ளைங்க பாக்கணுங்குது."

இப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. குளியலறைச் சுவரில். நல்ல வெயில், சுண்ணக்கட்டியைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையோடு கொண்டு வந்துவிட்டேன். காலை உணவும் எடுத்திருக்கவில்லை.

கடைக்குத் திரும்பி ஜெபக்கனியைக் கேட்டேன். "நீங்க காப்பகத்துக்கு மாத்தச் சொன்னீங்கள்லா டீச்சர்" என்றாள்.

"எந்தக் காப்பகம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவள் எழுந்து நின்றுகொண்டாள். முப்பது வயதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளின் தாய். நான் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த அளவுக்கு ஒழுங்கு இருந்தது என் வகுப்பில்.

மன்சூர் வந்து, பிரித்து வைத்த பழைய ஏட்டைத் திறந்தார். திறக்க வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். அரக்கு வைத்ததை உடைப்பது முறையன்று. வடிவு கேட்கவில்லை. அந்தப் பெண் சொன்னபடியே இருந்தது. முப்பத்தேழு மாதம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள். என் தம்பி கைப்படப் பதிந்தவை சில, ஜெபக்கனி பதிந்தவை சில. "நான் ஆர்க்கைவ்னுதான சொன்னேன் டீச்சர், அதையே சொல்லிருக்கலாம்லா" என்று மன்சூர் கேட்டார். அவருக்கென்ன தெரியும்? ஒரு மொழியை விட்டுக்கொடுத்துத்தான் ஒரு கணினி ஓட வேண்டும் என்றால் அந்தக் கணினியே வேண்டாம்.

வடிவு சிரித்துவிட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. "உங்க தம்பி ஆயுசு முச்சூடும் குடுத்ததை நீங்க ஒரே எண்ட்ரில குடுத்துட்டீங்க, மதினி" என்றாள். பிறகு, "போனது போச்சு, பிள்ளைகளுக்குக் குளிக்க எடமாச்சு. கேட்டு வாறவங்களுக்கு நாம பாத்திரமாக் குடுத்துருவோம். அந்தப் பிரமாச்சியை மட்டும் நீங்களே போய்ப் பாத்துட்டு வந்துருங்க" என்றாள்.

கடைப் பணத்தைத் தொட மாட்டேன் என்றேன். ஓர் ஊழியரின் பிழைக்காகக் கடை ஏன் இழக்க வேண்டும்? என் ஓய்வூதியத்திலிருந்து எடுத்தேன். எடுத்து, உறையில் இட்டு, இருபதாயிரத்து ஒரு ரூபாயாகக் கொண்டு போனேன். கூடுதல் என் மனமுவந்து.

எழுபத்துமூன்று. எழுபத்துநான்கு. அப்பாடா. இனி ஓடிவிடும். மணி என்ன? மூன்று பத்தா? உங்கள் கடிகாரம் சரியானதுதானே?

அவள் வீட்டு வாசலில், மடியில் பீடி இலை பரப்பிய சுளகோடு உட்கார்ந்திருந்தாள். நான்கைந்து பெண்கள் உடன் அமர்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர்கள் எழுந்தார்கள். அவள் எழவில்லை. உறையை வாங்கி, எண்ணிப் பார்த்தாள். என் எதிரிலேயே எண்ணினாள்.

"இருவதாயிரத்து ஒண்ணு எதுக்கு? மொய்யா? நான் உங்களுக்குப் பத்திரிகை வைக்கலயேம்மா."

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். காப்பகம் என்ற சொல், அதன் இரு பொருள், பதிவு மாறியது, கல்வெட்டு. "உன் பெயர் கல்லில் இருக்கிறது. நூறு ஆண்டு இருக்கும். உனக்கும் புண்ணியம்தான்" என்றும் சொன்னேன்.

"புண்ணியத்தை நான் எங்க வச்சுச் சோறாக்க? என் கூட வந்தாங்கள்லா, என் சம்பந்தி, அவங்க இருக்கும்போதுதான் இல்லைன்னு சொன்னீங்க. அவங்க இருக்கும்போதே, அந்தக் கடையில நின்னு, பேரு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பாத்திரமும் அங்கயே எடுத்துக்கிடுதேன்."

"நான் சொன்ன அன்று உன் பெயர் கணக்கில் இல்லை. அதற்கு முன் இருந்தது. அது இறந்தகாலம். நான் சொன்னது அந்த வேளைக்குச் சரி" என்றேன்.

"எனக்கு எலக்கணம் தெரியாதும்மா" என்று உறையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுளகைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "உங்க கையால வாங்கினா நீங்க குடுத்ததா ஆயிரும். எனக்கு வர வேண்டியது வரட்டும். அதை மட்டும், என் பேங்குல போட்டுருங்க."

ஜெபக்கனிதான் போய்க் கணக்கு எண்ணை வாங்கி வந்தாள். அங்கே போனவள் அதோடு நிற்கவில்லை. அந்தச் சம்பந்தியம்மாள் வீட்டுக்கும் போயிருக்கிறாள். பழைய ஏட்டிலிருந்து ஒரு படியும் எடுத்துக்கொண்டு. "பிரமாச்சியக்கா பேரு கணக்குல இருந்துச்சு, தப்பு எங்க மேலதான்னு டீச்சர் சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லியிருக்கிறாள். நான் சொல்லச் சொல்லவில்லை. யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று கேட்டேன். எழுந்து நின்றாள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை, இங்கும் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகுதான் அந்த வீட்டில் பந்தல்கால் ஊன்றினார்களாம். இடையில் திருமணப் பேச்சு நின்றிருந்ததாம். அது எனக்குத் தெரியாது. என்னிடம் யார் சொன்னார்கள்?

என்ன பார்க்கிறீர்கள்? மன்னிப்புக் கேட்டேனா என்றா? எதற்கு? கூட்டிக் கழித்துப் பாருங்கள், தம்பி. சொல் பிழையா? இல்லை. அகராதியைப் பாருங்கள். கணக்கு பிழையா? இல்லை, சமமாக நின்றது. பெயர் இல்லை என்றேனே, அது பிழையா? அன்று இல்லை. மூன்றிலும் பிழை இல்லையென்றால் எங்கேதான் பிழை? மூன்று மாதமாகத் தேடுகிறேன். இரவில் உறக்கம் வருவதில்லை. அதனால் தேடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், உறக்கம் இந்த வயதில் எல்லாருக்கும் குறைவுதான்.

கல்வெட்டில் அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்லி அவள் இன்னும் கேட்கவில்லை. நான் ஒருமுறை தனியே போய்ப் பார்த்து வந்தேன். நான் சுண்ணக்கட்டியால் இட்ட கால் மழையில் கரைந்துவிட்டது. செதுக்கச் சொல்லியிருந்தேன், செய்யவில்லை.

எழுபத்தெட்டு. என் எண்தான். வாருங்கள், உடன் வந்து நில்லுங்கள், கண்ணாடி வழியே அவர் பேசுவது எனக்குக் காதில் விழாது.

இதோ படிவம். என்னவாம்? விவரம் என்ற கட்டம் நிரப்பவில்லையாம். இங்கே என்ன எழுதுவார்கள், தம்பி? எதற்காகச் செலுத்துகிறோம் என்றா? கடன் என்று எழுதலாமா? நான் அவளிடம் கடன் வாங்கவில்லை. நன்கொடை என்றும் எழுத முடியாது. சீட்டுப் பணம் என்றால், சீட்டு என்னுடையதன்று. இந்தச் சின்னக் கட்டத்துக்குள் எத்தனை சொல் கொள்ளும்? ஐயா, கட்டாயமா? கட்டாயமில்லையாம். விட்டுவிடுங்கள் என்கிறார், பின்னால் ஆள் நிற்கிறார்களாம். பணிக்காலம் முழுவதும் ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டவள் அல்லேன் நான். சரி, இருக்கட்டும்.

எண்ணிவிட்டார். அடித்துவிட்டார். "ஏறிருச்சு டீச்சர், அவங்க ஃபோனுக்கு மெசேஜ் போயிருக்கும்" என்கிறார். மணி மூன்று இருபத்தைந்து. மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள்.

இந்தச் சீட்டைக் கொஞ்சம் பிடியுங்கள். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா? நான் வாசிக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். பெறுபவர்: பிரமாச்சி. விவரம்: வெறுமை. தொகை, எழுத்தால். ஐநூறு என்று எழுதுவது வழக்கில் உண்டு, நான் முறைப்படி எழுதியிருக்கிறேன்: ரூபாய் பதினெட்டாயிரத்து ஐந்நூறு மட்டும்.